முந்நூற்றைந்தாம் பக்கத்து வாத்து

அலெக்ஸாந்திரியாவில் நபி தானியால் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவர்கள் இருபது பேருக்குக் குறையாது. அவர்களில் பரக்காத்தின் கடைக்கு வழி கேட்டால், துணி காயப்போட்டிருக்கும் கடை என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மையில் அங்கே காய்வது துணி இல்லை. இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் வரிசையாகத் துணிக்கிளிப்புகள், ஒவ்வொரு கிளிப்பிலும் கையகலத்துக்கு ஒரு சீட்டு. எல்லாம் இன்ஸாஃப் மதாம் கைப்பட எழுதியவை.

ஒரு சீட்டில் இப்படி இருக்கும்: "கதாநாயகனை எனக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய மாமியாருக்காக வாங்கலாம். நேற்று என் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது." இன்னொன்றில்: "கொலைகாரன் யார் என்று நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். தப்பாகக் கண்டுபிடித்திருக்கிறேன். சோறு அடிப்பிடித்தது." மூன்றாவதாக ஒன்று, மூலையில் மஞ்சளேறிப் போய்: "காதல் கதை. இரண்டு பேருமே கொஞ்சம் மந்தம். ஆனாலும் ட்ராமில் என் நிறுத்தம் போய், அதற்கடுத்ததும் போய், கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி இறக்கிவிட்டார்."

ஒரு புத்தகம் எவ்வளவு நல்லது என்பதை மதாம் தன் வீட்டுக்கு அது செய்த சேதத்தை வைத்துத்தான் அளந்தார். பால் பொங்கினால் நல்ல புத்தகம். சோறு அடிப்பிடித்தால் மிக நல்ல புத்தகம். பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறவர்கள் இந்த முறையைப் பின்பற்றினால் நாட்டில் பாதி எழுத்தாளர்கள் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள். வாடிக்கையாளர்கள் சீட்டைப் படித்துவிட்டு, "சோறு அடிப்பிடிச்சது ஏதாவது புதுசா வந்திருக்கா?" என்றுதான் பரக்காத்திடம் கேட்பார்கள்.

மதாமுக்கு ஒரே ஒரு விதி உண்டு. பிடித்த புத்தகத்துக்கு மட்டும்தான் சீட்டு. பிடிக்காததைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். வியாழக்கிழமை கொண்டுவந்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சீட்டில்லாத புத்தகத்துக்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரியும்.

முப்பத்தோரு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். "லைன் சரியில்லை, கேக்கலை" என்று சொல்லி போனை வைக்கிறவர்களில் யாருக்கு நிஜமாகவே கேட்கவில்லை, யாருக்குப் பேசப் பிடிக்கவில்லை என்பது அவர்கள் மூச்சு விடுவதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நகரம் முழுவதும் முப்பத்தோரு வருடம் பொய் சொல்லக் கேட்டதில் அவருக்குப் பொய் அலுத்துப்போயிருந்தது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கேம்ப் ஷெஸார் பகுதியில் நாலாவது மாடியில் ஒரு வீடு. வருகிற ஓய்வூதியம் வாடகைக்கும் பருப்புக்கும் சரியாக இருக்கும், புத்தகத்துக்கு மிஞ்சாது. பரக்காத் பதினோரு வருடமாகச் சீட்டுக்குப் பதிலாகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். மதியம் மூன்று மணிக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததிலிருந்து மாலைத் தொழுகை அழைப்பு கேட்கிற வரைக்கும் உள்ள நேரத்தை அந்தப் புத்தகங்கள்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. அவை இல்லாத ஒரு மதியத்தை மதாம் நினைத்துப் பார்க்கவே விரும்பியதில்லை.

இந்த நிலையில்தான் பரக்காத் ஒரு நாவல் எழுதித் தொலைத்தார்.

திடீரென்று எழுதவில்லை, பாவம். பத்தொன்பது வருடமாக ரகசியமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். பெருநாள் முடிந்த வாரம், கட்டுப் பிரிக்காத மூட்டைகள் கடைக்கு வந்து இறங்கின. "அந்திச் சூரியனின் மகன்." நானூற்று எண்பது பக்கம். அட்டையில் கடல், கடலில் சூரியன், சூரியனில் அச்சுக்கூடத்துக்காரரின் கைரேகை. முதல் மூட்டையின் முதல் பிரதியைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் மதாமிடம் கொடுத்தார். கயிற்றின் நடுவில் இருந்த சீட்டுகளை ஏற்கெனவே இரண்டு பக்கமும் ஒதுக்கி, புதுசாக ஒரு சிவப்புக் கிளிப்பை மாட்டி வைத்திருந்தார்.

"மதாம், உங்க விதி எனக்குத் தெரியும்," என்றார். "பிடிக்கலேன்னா எழுத வேணாம். அது உங்க நியாயம். ஆனா அப்புறம் நீங்க எந்த முகத்தோட வந்து என்கிட்ட புத்தகம் கேப்பீங்க, நான் எந்த முகத்தோட எடுத்துக் குடுப்பேன்? அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரலை."

எதிரே கரும்புச்சாறு கடை வைத்திருந்த சித்கி இதைக் கேட்டுக்கொண்டே ஒரு கட்டுக் கரும்பை இயந்திரத்துக்குள் தள்ளினான். கரும்பின் கதி மதாமுக்கு நன்றாகப் புரிந்தது.

பரக்காத் நல்ல மனிதர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நல்ல மனிதர்கள் எழுதிய நாவல்கள் உலகத்தில் போதுமான அளவுக்கு இருக்கின்றன என்பதுதான் சங்கடம். முதல் நாற்பது பக்கத்தில் சூரியன் பதினோரு தடவை அஸ்தமித்தது. ஒரு தடவைகூட உதிக்கவில்லை. கதாநாயகன் நாதிர் ஒவ்வொரு அஸ்தமனத்தின்போதும் கடற்கரைச் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். அவனுக்கு என்ன வேலை, யார் சோறு போடுகிறார்கள் என்று தெரியவில்லை. நூற்றிருபது பக்கம் வரைக்கும் அந்த நாவலில் யாரும் ஒரு வாய் ரொட்டிகூடத் தின்னவில்லை. மதாம் வேண்டுமென்றே அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படித்துப் பார்த்தார். பால் பொங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே அடுப்பை அணைத்து, பாலை ஆற்றி, ஏடு எடுத்து, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டார்.

பால்கனியில் படித்தார், ட்ராமில் படித்தார். ட்ராமில் தன் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார். கண் தானாக ஜன்னல் பக்கம் போகிறது, என்ன செய்வது.

முதல் வியாழக்கிழமை வந்தது. மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லியனுப்பினார். இரண்டாவது வியாழக்கிழமை காய்ச்சல். மூன்றாவது வாரம் முதுகு. இந்தத் தொலைபேசித் தந்திரங்களை எல்லாம் எதிர்முனையில் உட்கார்ந்து கேட்டுச் சிரித்த பெண்மணி, இப்போது தானே "லைன் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ரொட்டி வாங்கப் போன ஒரு காலையில் சித்கியிடம் மாட்டிக்கொண்டார். சித்கி புத்தகம் படிக்காதவன், அதனால் எல்லாப் புத்தகத்தைப் பற்றியும் அபிப்பிராயம் உள்ளவன். கடையைச் சாத்திவிட்டு மீன் வாங்க அந்தப் பக்கம் வந்திருந்தான்.

"அக்கா, கண்ணாடியில காய்ச்சல் வந்து முதுகு உடைஞ்சு போச்சாமே," என்றான். "அண்ணன் தினமும் அந்தச் சிவப்புக் கிளிப்பைத் துடைச்சு வைக்கிறாரு. நேத்து எண்ணெய் போட்டாரு. பாக்க முடியலைக்கா. ரெண்டு வரி எழுதிப் போட்டுட்டா என்ன குடி முழுகிடும்?"

குடி முழுகாது என்பது மதாமுக்கும் தெரியும். அன்று மதியம் ஒரு பொய்ச் சீட்டு எழுத உட்கார்ந்தார். பேனாவைத் திறந்ததும் கை நகரவில்லை. சரி, பொய் வேண்டாம், இந்தப் புத்தகத்தில் உண்மையாகவே நன்றாக இருப்பது எதுவோ அதை எழுதுவோம் என்று முடிவு செய்தார். "தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறது," என்று எழுதினார். கிழித்தார். "எழுத்து பெரிது, கண்ணுக்கு இதம்." கிழித்தார். "பக்க எண்கள் ஒன்றிலிருந்து நானூற்று எண்பது வரை ஒன்றுகூட விடாமல் வரிசையாக வருகின்றன." இதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். அதையும் கிழித்தார்.

பதினோரு வருடப் பழக்கம் அன்றோடு முடிந்தது என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டார். முடியப்போகிறது என்றால் முழுவதையும் படித்துவிட்டாவது முடிப்போம், அந்த மனிதருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது என்று, இருநூற்றைம்பதாம் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார். அடுப்பில் மொலோகியா கீரை கொதித்துக்கொண்டிருந்தது. முந்நூற்று நான்காம் பக்கத்தின் அடியில் நாதிர் கடற்கரையிலிருந்து எங்கோ புறப்பட்டான். மதாம் பக்கத்தைப் புரட்டினார்.

முந்நூற்றைந்தாம் பக்கத்தில் தவ்ஹீதா என்ற விதவை மொட்டைமாடியில் ஒரு வாத்தைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

யார் இந்தத் தவ்ஹீதா, எங்கிருந்து வந்தாள் என்று யோசிப்பதற்குள் வாத்து பக்கத்து வீட்டு ரதீபாவின் கொடியில் காய்ந்த பாவாடையைத் தின்றுவிட்டது. வாத்தின் பெயர் பாஷா. தவ்ஹீதாவும் ரதீபாவும் வாத்தோடு போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு தரப்பையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்தால் பாஷா தொப்பிக்குள் உட்கார்ந்திருக்கிறது. எழுந்திருக்க மறுக்கிறது. மூன்று வருடமாக ஆண் என்று எல்லோரும் நம்பியிருந்த பாஷா, அரசாங்கத் தொப்பிக்குள் முட்டை இட்டது. அந்த முட்டை வாத்தின் சொந்தக்காரிக்கா, வாத்து தின்ற பாவாடையின் சொந்தக்காரிக்கா, தொப்பியின் சொந்தக்காரருக்கா என்று வழக்கு திசை திரும்பி, காலைச் சாப்பாடு சாப்பிடாத அதிகாரி அதைப் பொரித்துத் தின்று சாட்சியத்தை அழித்தார்.

மதாம் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு. முந்நூற்று இருபதாம் பக்கம் முடிந்தது. முந்நூற்று இருபத்தொன்றில் நாதிர் மறுபடியும் கடற்கரைச் சுவரில் சாய்ந்து நின்றான், சூரியன் அஸ்தமித்தது. மதாம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முந்நூற்றைந்துக்குப் போய் மறுபடியும் படித்தார். இப்போதெல்லாம் நாவல் இப்படித்தான் எழுதுகிறார்கள் போலிருக்கிறது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லாமல் நடுவில் ஒன்றைச் செருகுகிறார்கள், அதற்கு ஏதோ பெயர்கூட இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கதவு தட்டப்பட்டது. யாருக்காவது மூச்சு அடைத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்காரி நின்றாள். அவளுக்குப் பின்னாலேயே கீரை கருகிய நாற்றமும் வந்தது.

அன்று எழுதிய சீட்டைப் போல ஒரு சீட்டை மதாம் அதற்கு முன் எழுதியதில்லை. "முந்நூற்றைந்திலிருந்து முந்நூற்று இருபது வரைக்கும் இந்த எழுத்தாளருக்கு இணை இந்த ஊரில் இல்லை. விலா எலும்பு வலிக்கிறது. சிரித்த சத்தம் கேட்டு ஆள் வந்துவிட்டது. மொலோகியா கருகி, பாத்திரத்தையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று." ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அவருக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

மறுநாள் காலை பரக்காத் டீ வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சிவப்புக் கிளிப்பில் சீட்டை மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். எப்போதும் அப்படித்தான், சீட்டை அதை எழுதியவர் முன்னால் யாரும் படிக்கக் கூடாது.

சனிக்கிழமை போனபோது கடையில் ஏதோ சரியில்லை. மூட்டையில் பதினோரு பிரதி குறைந்திருந்தது, அதாவது விற்றிருந்தது. ஆனால் மதாமுக்கு எப்போதும் போடுகிற முக்காலியைப் பரக்காத் இழுத்துப் போடவில்லை. சலாம் சொன்னதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு, அடுக்கிய புத்தகங்களையே மறுபடியும் அடுக்கினார்.

"சிரிச்சீங்களா, மதாம்?" என்றார் கடைசியில்.

"விழுந்து விழுந்து சிரிச்சேன் உஸ்தாத்."

"முந்நூத்தஞ்சாம் பக்கத்துக்கா?"

"ஆமா. அந்தத் தொப்பி வர்ற இடத்துல என்னால முடியலை."

பரக்காத்தின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "பதினோரு வருஷமா நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை," என்றார். "பிடிக்கலேன்னா சும்மா இருந்திருக்கலாம். அது எங்கம்மா செத்த இடம், மதாம். அதைப் போய் ஊர் பாக்கக் கயித்துல தொங்க விட்டுட்டீங்களே."

 என்ன அம்மா, எந்தச் சாவு, வாத்துதானே வருகிறது என்று மதாம் கேட்டார். என்ன வாத்து என்று அவர் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பைத்தியம் பிடித்தவரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சுங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிற வாடிக்கையாளர் ஒருவர் கையில் நாவலோடு வந்து சேர்ந்தார். சிரிக்கலாம் என்று சீட்டை நம்பி வாங்கிப் போனாராம். சீட்டில் சொன்ன பக்கத்தையே முதலில் பிரித்துப் படித்த மனைவி நேற்றிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாளாம். "நேத்து வீட்டுல சாப்பாடு இல்லை. இன்னைக்கும் இருக்கும்னு தோணலை," என்றார். "இதுல சிரிக்கிறதுக்கு எங்க இருக்குன்னு காட்டுங்க, நான் போயிடறேன்."

மதாம் பையிலிருந்து தன் பிரதியை எடுத்தார். பரக்காத் தன் பிரதியை எடுத்தார். இரண்டையும் அடுக்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முந்நூற்றைந்தைத் திறந்தார்கள். ஒன்றில் ஆஸ்பத்திரி. மற்றதில் வாத்து.

நாவலைத் தைத்துக் கட்டிய பைண்டர் மஹ்ரூஸை சித்கிதான் போன் போட்டு வரவழைத்தான். இந்த நாடகத்தைப் பார்க்கத் தன் கடையை மூடவும் தயாராக இருந்தான் அவன். மஹ்ரூஸ் விரலில் பசை காயாமல் சைக்கிளில் வந்து இறங்கி, மதாமின் பிரதியை வாங்கி, முதுகை முகர்ந்து, தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். ரமலானின் கடைசிப் பத்து நாளில் அவனிடம் இரண்டு வேலை இருந்ததாம். இரண்டும் ஒரே அளவு, ஒரே தாள். பதினாறு பக்கம் ஒரு மடிப்பாக, பாரம் பாரமாக மேஜையைச் சுற்றி அடுக்கி வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். இருபதாவது பாரத்துக்குக் கை நீட்டுகிற நேரத்தில் நோன்பு திறக்கிற பீரங்கி வெடித்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதவன், கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது, கை பக்கத்தில் இருந்த இன்னொரு வேலையின் இருபதாவது பாரத்துக்குப் போய்விட்டது.

"சூரியன் அஸ்தமிச்சிடுச்சு உஸ்தாத்," என்றான் மஹ்ரூஸ். "நான் என்ன பண்றது, சொல்லுங்க."

நானூற்று எண்பது பக்கம் சூரியனை அஸ்தமிக்க வைத்தவரால் இதற்கு மறுத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இன்னொரு வேலை தமன்ஹூரைச் சேர்ந்த நஃபீஸா என்ற அரசாங்கக் கால்நடை டாக்டருடையது. ஓய்வு நேரத்தில் எழுதியதாம், தெரிந்தவர்களுக்குக் கொடுக்க ஐம்பதே பிரதி. பரக்காத் மதாமின் பிரதியைக் கையில் எடுத்து, நின்ற இடத்திலேயே வாத்தைப் படிக்க ஆரம்பித்தார். படிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் முப்பது வருடம் புத்தகம் விற்றவருக்குக் கையில் வந்த பக்கத்தைப் படிக்காமல் வைக்கத் தெரியாது. தொப்பி வருகிற இடத்தில் அவருடைய தோள் குலுங்கியது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபோது அந்த ஈரத்தில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறு என்று மதாமுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கயிற்றிலிருந்து சீட்டைக் கழற்றி மதாமிடமே கொடுத்தார். "இது அந்தம்மாவோட சீட்டு. தமன்ஹூருக்கு ஆள் அனுப்பிப் பத்துப் பிரதி வாங்கிடறேன். வந்ததும் இதை அதுமேல மாட்டிக்குவோம்," என்றார். சிவப்புக் கிளிப் காலியாக ஆடியது. அது ஆடுவதை யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுங்க அலுவலகத்துக்காரர்கூடப் போகவில்லை.

மதாம் தன் பிரதியை விட்டுவிட்டு பரக்காத்தின் பிரதியை எடுத்துப் பையில் போட்டார். "நான் இந்தப் பதினாறு பக்கத்தைப் படிக்கவே இல்லையே உஸ்தாத்," என்றார். பரக்காத் தலையை மட்டும் அசைத்தார். எதிர்பார்க்கிறவரின் தலையசைப்பாக அது இல்லை.

வீட்டுக்குப் போய், மூன்று மணிக்குத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பயந்துகொண்டேதான் திறந்தார். ஒரு அஸ்தமனம் வந்தால்கூட மூடிவிடுவது என்று இருந்தார். வரவில்லை. ஆஸ்பத்திரி அறையில் ஜன்னலே இல்லை. நாதிரின் அம்மாவுக்கு டாக்டர் உப்பை நிறுத்திவிட்டார். அவள் எலுமிச்சை ஊறுகாய் வேண்டும் என்று மூன்று நாளாக நச்சரிக்கிறாள். நாதிர் ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றி, காலுறைக்குள் ஒளித்து எடுத்துப் போகிறான். அம்மா அதைத் தின்னவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று திட்டுகிறாள். அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைப் பார்த்துவிட்டு, நர்ஸிடம் ஊசி நூல் கேட்கச் சொல்கிறாள். படுத்தபடியே தைக்கிறாள். பாதி தைத்துவிட்டுக் கை வலிக்கிறது, நாளைக்கு முடிக்கிறேன் என்கிறாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நானூற்று எண்பது பக்கத்திலும் நாதிர் நாதிர் என்று வருகிறவனை அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் பரக்காத் என்று கூப்பிடுகிறாள். எழுதியவரும் கவனிக்கவில்லை, அச்சுக் கோத்தவர்களும் கவனிக்கவில்லை.

மதாம் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். அடுப்பில் அன்று எதுவும் இல்லை, அதனால் எதுவும் கருகவில்லை. பிறகு எழுந்து போன் பக்கம் போனார்.

மறுநாள் காலை கடைக்கு வந்தபோது பரக்காத் டீ வாங்கப் போகவில்லை. போகச் சொல்லவும் மதாமுக்கு மனம் வரவில்லை. தன் வழக்கத்தைத் தானே மீறி அவர் முன்னாலேயே சீட்டைச் சிவப்புக் கிளிப்பில் மாட்டினார். பரக்காத் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். சித்கி தெருவைத் தாண்டி வந்து, படிக்கத் தெரியாததால் பரக்காத்தின் முகத்தைப் படித்தான்.

சீட்டில் இவ்வளவுதான் இருந்தது: "முந்நூற்றைந்திலிருந்து முந்நூற்று இருபது வரைக்கும். என் அம்மா போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. படித்து முடித்துவிட்டு அவருடைய பழைய எண்ணுக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். தப்பான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன்."

பரக்காத் இரண்டு தடவை படித்தார். கிளிப் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். முக்காலியை இழுத்து, உட்கார் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, மதாமுக்குப் போட்டார். எழுத்தாளர் ஆசை என்பது அவ்வளவு சீக்கிரம் விடாது, பாவம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார்.

"மிச்சம் நானூத்தி அறுபத்து நாலு பக்கம், மதாம்?"

மதாம் அடுக்கில் மேலாக இருந்த தடிமனான ஒரு துப்பறியும் கதையை எடுத்துப் புரட்டினார். "முந்நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு உஸ்தாத்," என்றார். "மறுபடி அச்சடிச்சா மத்தது எதை வேணாலும் மாத்துங்க. அதை மட்டும் திருத்திடாதீங்க."

பரக்காத் மூட்டையிலிருந்து ஒரு பிரதியை உருவி முந்நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தார். விரலை வரிக்கு வரி வைத்துக்கொண்டே இறங்கி, ஒரு இடத்தில் நின்றார். அங்கேயே நின்றார். சித்கி ஏதோ கேட்க வாயைத் திறந்து, மதாம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"இதை எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று மதாம் துப்பறியும் கதையைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

பரக்காத் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வியாழக்கிழமை கொண்டு வந்துடுங்க, மதாம்," என்றார்.